சட்டமன்றம் இல்லாதபோது வந்த திருத்தம் (கடிதம்)

அன்புள்ள ஐயா,

பாளையங்கோட்டையில் அறை எடுத்துத் தங்கி குரூப் 1 தேர்வுக்குப் படிக்கிறேன். அரசியலமைப்பைத் திருத்த எதற்கெல்லாம் மாநிலங்களின் ஒப்புதல் வேண்டும் என்பதில் குழப்பம். மத்திய அரசும் மாநிலமும் சட்டம் இயற்றக்கூடிய பொதுப்பட்டியலுக்குக் கல்வி போனபோது நம் எம்.எல்.ஏ.க்கள் தூங்கிக்கொண்டா இருந்தார்கள்? அமெரிக்க முறைதான் நல்லதா?

*

அன்புள்ள தம்பி,

குடியரசுத் தலைவர் தேர்தல், உச்ச, உயர் நீதிமன்றங்கள், மத்திய, மாநில அதிகாரங்களைப் பிரிக்கும் ஏழாம் அட்டவணைப் பட்டியல்கள், நாடாளுமன்றத்தில் மாநிலங்களின் இடங்கள், திருத்தும் முறையைச் சொல்லும் 368-ஆம் பிரிவு: முக்கியமானவை இவை. இரு அவைகளிலும் மொத்த உறுப்பினரில் பாதிக்கு மேல், வந்து வாக்களித்தவரில் மூன்றில் இரண்டு பங்கு வேண்டும். பிறகு குறைந்தது பாதி மாநிலச் சட்டமன்றங்கள் ஏற்க வேண்டும். அமெரிக்காவை இப்போது விடுங்கள்.

‘தூங்கினார்களா’ என்றீர்களே, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. தேர்வுக்குப் படிக்கிறவர் தேதியைப் பார்க்க வேண்டாமா? 1976 ஜனவரி 31 அன்று தி.மு.க. ஆட்சி கலைக்கப்பட்டது, சட்டமன்றமும் போயிற்று. 42-ஆவது திருத்தம் நவம்பரில் இரு அவைகளிலும் நிறைவேறியது. டிசம்பர் 18 அன்று குடியரசுத் தலைவர் ஒப்புதல் கிடைத்தது. கல்வியும் காடும் மாநிலப் பட்டியலை விட்டுப் போயின. நமக்கு அடுத்த தேர்தல் 1977 ஜூனில். எழுந்து நின்று ‘வேண்டாம்’ என்று சொல்ல ஒரு உறுப்பினர்கூட இல்லை. மற்ற மாநிலங்களின் கணக்கே போதுமானதாக இருந்தது.

என் ஆச்சி செங்கோட்டைப் பக்கத்துப் புளியரைக்காரி. செங்கோட்டை வட்டத்தின் ஒரு பகுதி 1956 நவம்பர் 1 அன்று திருநெல்வேலி ஜில்லாவோடு சேர்ந்ததைச் சொல்லும்போதெல்லாம், “ராத்திரி படுக்கையில திருவாங்கூர், விடிஞ்சா மெட்ராசு. நல்லதுதான். ஆனா நம்மகிட்ட யாரு கேட்டாவ?” என்பாள். எல்லையை மாற்ற 3-ஆம் பிரிவின்படி சாதாரணப் பெரும்பான்மை போதும். மாநிலச் சட்டமன்றத்தின் கருத்தைக் கேட்டால் சரி, ஏற்க வேண்டியதில்லை. அந்த ஆகஸ்டில் மாநில மறுசீரமைப்புச் சட்டம் நிறைவேறியபோது, செங்கோட்டை அதுவரை இருந்த திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்திலும் சட்டமன்றம் இல்லை. மார்ச்சிலிருந்தே குடியரசுத் தலைவர் ஆட்சி. நாம் விரும்பியதே நடந்தது என்பதால் அந்தக் குறையை நம்மவர்கள் பேசுவதில்லை. 1956-இல் பேசாமல் விட்டதைத்தான் 1976-இல் அனுபவித்தோம். 1978-இல் 44-ஆவது திருத்தம் நெருக்கடிநிலைக் காலத்தின் பலவற்றைத் திருப்பியது, கல்வி திரும்பவில்லை.

உங்களைப் போன்ற பிள்ளைகள் இதைக் கேட்க வேண்டும் தம்பி: ஒரு மாநிலத்தில் சட்டமன்றம் இல்லாதபோது, பட்டியல்களிலோ எல்லையிலோ கைவைக்கக் கூடாது, அங்கே தேர்தல் முடியும்வரை காத்திருக்க வேண்டும். இதை 368-இலும் 3-இலும் எழுதிவைக்க வேண்டும். 368-ஐத் தொடுவதற்கும் பாதி மாநிலங்கள் ஏற்க வேண்டியிருக்கும். ஆகவே சென்னையில் மட்டும் பேசிப் பயனில்லை, திருவனந்தபுரத்திலும் பெங்களூரிலும் பேச வேண்டும்.