தொழிலுக்கு வாங்கிய பணத்தைத் திருப்பித் தர முடியாவிட்டால் அது மோசடியா?

"தொழிலுக்காகப் பணம் வாங்கிய என் அண்ணன்மீது மோசடி வழக்குப் போட்டிருக்கிறார்கள். தொழில் நொடித்துப்போனதால்தான் அவரால் திருப்பித் தர முடியவில்லை. இது குற்றமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். குற்ற வழக்குகளை நடத்துகிறவன் என்ற முறையில் பதில் சொல்கிறேன்.

பணம் திரும்பி வரவில்லை என்பதற்காக மட்டும் அது மோசடி ஆகிவிடாது. வாங்கும்போதே ஏமாற்றும் எண்ணம் இருந்ததா என்பதுதான் கேள்வி. இந்திய உச்ச நீதிமன்றம் 2000-ஆம் ஆண்டுத் தீர்ப்பு ஒன்றில் இதைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறது: ஒப்பந்தத்தை மீறுவது வேறு, ஏமாற்றுவது வேறு. தொடக்கத்திலேயே வஞ்சக எண்ணம் இருந்திருக்க வேண்டும். மோசடிக்கான பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 420-ஆம் பிரிவு, 2024 ஜூலை 1 முதல் அதற்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதா என்ற சட்டத்தில் 318(4) ஆகிவிட்டது. ஏழு ஆண்டுகள் வரை சிறை, அபராதம் என்பதில் மாற்றமில்லை.

ஒருவருடைய மனதுக்குள் என்ன இருந்தது என்று யாருக்குத் தெரியும்? அதனால் நீதிமன்றம் அவர் செய்ததைப் பார்க்கும். "ஆர்டர் உறுதியாகிவிட்டது, முதல் போடுங்கள்" என்று அண்ணன் வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தால், அன்றைய தேதியில் அந்த ஆர்டர் கையில் இருந்ததா? வந்த பணம் சரக்கு வாங்கப் போனதா, மறுநாளே பழைய கடனை அடைக்கப் போனதா? சரக்கு வாங்கிய பில், கூலி கொடுத்த கணக்கு, வாடிக்கையாளர் ஆர்டரை ரத்து செய்த மின்னஞ்சல் இவையெல்லாம் இருந்தால் வழக்கின் முகமே மாறிவிடும். என் அனுபவத்தில் சாட்சிகளைவிட வங்கிக் கணக்கு அறிக்கைதான் இந்த வழக்குகளில் அதிகம் பேசுகிறது.

வேறு வாதங்களும் உண்டு. உண்மை நிலவரம் தெரிந்தேதான் புகார்தாரர் பணம் போட்டார், சொன்னது வெறும் எதிர்பார்ப்பு, அந்த வாக்குறுதியைக் கொடுத்தது கூட்டாளி என்பது போல. பொருந்துவதை மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டும். முழுக்க முழுக்க உரிமையியல் (சிவில்) தகராறு என்றால் முதல் தகவல் அறிக்கையை ரத்து செய்யக் கோரி உயர் நீதிமன்றத்துக்குப் போகலாம். கைது பயம் இருந்தால் முன்ஜாமீன் மனுவைத் தள்ளிப்போடாதீர்கள்.

"பணத்தைக் கொடுத்துவிட்டால் வழக்கு முடிந்துவிடுமா?" என்று பலரும் கேட்பார்கள். தானாக முடியாது. ஏமாற்றியது உண்மையானால் பிறகு கொடுத்த பணம் குற்றத்தை அழிக்காது. ஆனால் ஜாமீனுக்கு உதவலாம். புகார்தாரர் சம்மதித்து நீதிமன்றமும் அனுமதித்தால் சமரசமாகவும் முடிக்கலாம்.

தயவுசெய்து ஒரு விஷயத்தில் கவனமாக இருங்கள். பதற்றத்தில் செய்தி எதையும் அழிக்க வேண்டாம், பழைய தேதி போட்டுப் புதிதாக ரசீது எழுத வேண்டாம். நல்ல வழக்கையும் அது கெடுத்துவிடும், அதுவே தனிக் குற்றமாகவும் ஆகலாம். "தப்பு என்மேல்தான், மன்னிச்சிடுங்க" என்று சமாதானத்துக்காக அனுப்பும் ஒரு வரியைக்கூட ஒப்புதல் என்று எதிர்த்தரப்பு காட்டும். அதனால் புகார்தாரரிடம் அண்ணன் நேரடியாகப் பேசவே வேண்டாம்.

பணம் வந்த நாளிலிருந்து தொழில் நின்ற நாள் வரைக்குமான வங்கி அறிக்கையை முதலில் எடுக்கச் சொல்லுங்கள். அப்புறம் எல்லாக் காகிதங்களையும், பாதகமானதையும் சேர்த்தே, வழக்கறிஞரிடம் காட்டட்டும். பாதகமான காகிதத்தை எதிர்த்தரப்பு நீதிமன்றத்தில் நீட்டும்போதுதான் வழக்கறிஞர் அதை முதன்முதலாகப் பார்க்கிறார் என்றால், அந்த இடத்தில் அவரால் பெரிதாக எதுவும் செய்ய முடியாது.