ஏறிய வேகத்தைச் சொல்லுங்கள்: பிராசசர் சூடு, கேள்வி பதில்

வந்த கேள்விகளில் முக்கால்வாசி ஒரே வரிதான்: "என் பிராசசர் 90 டிகிரி காட்டுகிறது, என்ன செய்வது?" பிராசசர் என்றால் கணினியின் மூளையான சில்லு. அந்த 90ஐ மட்டும் வைத்துக்கொண்டு என்னால் ஒன்றும் சொல்ல முடியாது. பத்து விநாடியில் 90க்குப் போனதா, அரை மணி நேரம் விளையாடிய பிறகு போனதா, போன வருடம் 70இல் நின்றது இந்த வருடம் 90 ஆகியிருக்கிறதா? மூன்றும் வெவ்வேறு கோளாறு. எண்ணோடு நேரத்தையும் சேர்த்து எழுதியவர்களின் கேள்விகளை முதலில் எடுத்துக்கொள்கிறேன். எல்லாம் செல்சியஸ் கணக்கு.

கேள்வி: புதிதாகக் கணினி கோத்தேன். விண்டோஸ் போடும் முன்பே, பயாஸ் (கணினியின் அடிப்படை அமைப்புகள்) திரையிலேயே அரை நிமிடத்தில் 95 டிகிரி. பிறகு தானாக அணைந்துவிடுகிறது. பிராசசருடன் வந்த இன்டெல் கூலர்தான். விசிறி நன்றாகச் சுற்றுகிறது.

பதில்: விசிறி சுற்றட்டும், கூலர் பிராசசரைச் சரியாகத் தொடவில்லை. தூசியும் காற்றோட்டக் குறையும் இவ்வளவு அவசரப்படாது. அந்தக் கூலரின் நான்கு பிளாஸ்டிக் கால்களில் ஒன்று பூட்டாமல் நிற்கிறது என்பது என் ஊகம். ஒன்று தூக்கி நின்றாலே ஹீட்சிங்க் (சூட்டை வாங்கும் உலோகப் பகுதி) ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடும்.

மேலிருந்து பார்த்து ஏமாறாதீர்கள். மதர்போர்டைத் திருப்பிப் பின்பக்கம் பாருங்கள். ஒவ்வொரு துளையிலும் வெள்ளைப் பிளவு இரண்டாக விரிந்து, நடுவில் கருப்பு முனை எட்டிப் பார்க்க வேண்டும். எங்கே அந்த முனை தெரியவில்லையோ அந்தக் கால் பூட்டவில்லை. கால்களின் தலையில் உள்ள அம்புக்குறி கழற்றும் திசையைக் காட்டுகிறது. பலர் அதைப் பூட்டும் திசை என்று நினைத்துத் திருப்பிவிடுகிறார்கள். நான்கையும் எதிர்த்திசையில் திருப்பி வைத்து, 'டக்' என்று சத்தம் வரும்வரை மூலைக்கு மூலை எதிரெதிராக அழுத்துங்கள். கூலரை ஒருமுறை தூக்கிவிட்டால் அதில் தடவி வந்த தெர்மல் பேஸ்ட் (வெப்பம் கடத்தும் பசை) வீண். துடைத்துவிட்டுப் புதிதாக வையுங்கள்.

தனியாக வாங்கிய கூலர் என்றால் அடிப்பாகத்தில் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாளையும் பார்க்கச் சொல்லியிருப்பேன். சிரிக்காதீர்கள். அந்தத் தாளை உரிக்காமல் பூட்டிவிட்டு, மதர்போர்டையே சந்தேகப்பட்டு ஒரு முழு இரவைத் தொலைத்தவன் நான்.

கேள்வி: தெர்மல் பேஸ்ட் எவ்வளவு வைக்க வேண்டும்? முழுவதும் தேய்த்துப் பரப்ப வேண்டும் என்கிறார்கள் சிலர், நடுவில் ஒரு பொட்டு போதும் என்கிறார்கள் சிலர்.

பதில்: சாதாரண மேசைக்கணினிப் பிராசசருக்கு நடுவில் ஒரு பட்டாணி அளவு. கூலரின் அழுத்தமே மீதியைப் பரப்பிவிடும். பேஸ்ட் எதற்கு என்று புரிந்தால் இந்தச் சண்டையே வராது. பளபளவென்று தெரியும் இரண்டு உலோகப் பரப்புகளும் நுண்ணிய அளவில் மேடு பள்ளம்தான். அந்தப் பள்ளங்களில் நிற்கும் காற்று வெப்பத்தைக் கடத்துவதில் படு சோம்பேறி. தாமிரத்தின் கடத்துதிறன் ஏறத்தாழ 400 என்றால் காற்றுக்கு அதே அலகில் 0.026தான். காற்றை விரட்டிவிட்டு அந்த இடத்தில் உட்காருவதுதான் பேஸ்டின் வேலை. ஆனால் தாமிரத்தோடு ஒப்பிட்டால் பேஸ்டும் மந்தமானதுதான். அதனால் சப்பாத்திக்கு வெண்ணெய் போல அப்பினாலும் நல்லதல்ல. பிராண்டுக்குப் பிராண்டு சில டிகிரிதான் வித்தியாசம். அதற்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

கேள்வி: பேஸ்டுக்குப் பதிலாகத் திரவ உலோகம் போடலாமா?

பதில்: இந்தக் கேள்வியைக் கேட்கும் நிலையில் இருப்பவர் போட வேண்டாம். அதிலுள்ள காலியம் அலுமினியத்தை அரித்துவிடும், மின்சாரத்தையும் கடத்தும். ஒரு துளி வழிந்தால் போர்டு போனது போனதுதான்.

கேள்வி: சும்மா இருக்கும்போது 40 டிகிரி. ஏதாவது ஓர் இணையப் பக்கத்தைத் திறந்தால் ஒரே தாவலில் 58, பிறகு மீண்டும் 42. விசிறி மூச்சு வாங்குவது போல ஏறி இறங்குகிறது. ஏஎம்டியின் ரைசன் பிராசசர்.

பதில்: கோளாறு இல்லை. சிறு வேலை வந்தாலும் ஒரு கோர் (பிராசசருக்குள் தனித்து வேலை செய்யும் ஒரு பகுதி) நொடிப்பொழுதுக்கு உச்ச வேகத்துக்குத் தாவும். விரல்நகம் அளவுகூட இல்லாத அந்தச் சில்லுப் பரப்பு சட்டென்று சூடாகும், சட்டென்று ஆறும். தொந்தரவு விசிறிச் சத்தம்தான். பயாஸில் விசிறி அமைப்புக்குப் போய், வெப்பம் ஏறிய சில விநாடிகள் கழித்து விசிறி வேகமெடுக்கும்படி தாமதம் வையுங்கள். கூடவே 60 டிகிரி வரை வேகத்தை ஒரே சீராக வைத்துவிட்டால் அமைதி.

இன்னொன்று: காட்டும் எண்ணையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப முடியாது. 2017இல் வந்த ரைசன் 1700எக்ஸ், 1800எக்ஸ் இரண்டும் உண்மையைவிட 20 டிகிரி கூட்டியே அறிவிக்கும்படி வடிவமைக்கப்பட்டவை. அது தெரியாமல் கூலர் மேல் கூலராக வாங்கியவர்கள் உண்டு.

கேள்வி: விளையாட்டு தொடங்கி 20 நிமிடம் வரை 72. பிறகு மெல்ல மெல்ல ஏறி 93. படம் திணறுகிறது. பேஸ்ட் இரண்டு முறை மாற்றிவிட்டேன்.

பதில்: மூன்றாவது முறை மாற்றாதீர்கள். பேஸ்ட் மோசமாக இருந்தால் முதல் நிமிடத்திலேயே காட்டிக்கொடுத்திருக்கும். 20 நிமிடம் கழித்து ஏறுகிறது என்றால் கேபினட்டுக்குள் இருக்கும் காற்றே சூடாகிவிட்டது. கூலர் அந்தச் சூட்டையே திரும்பத் திரும்ப இழுத்துக்கொண்டிருக்கிறது. பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றிவிட்டு அதே விளையாட்டை அரை மணி நேரம் ஓட்டுங்கள். பத்துப் பன்னிரண்டு டிகிரி இறங்கினால் சந்தேகமே வேண்டாம்.

அடுத்து விசிறிகளின் திசை. வழக்கமான விசிறியில் இறக்கைகளைத் தாங்கும் குறுக்குச் சட்டங்கள் எந்தப் பக்கம் தெரிகின்றனவோ, அந்தப் பக்கம்தான் காற்று வெளியேறும். முன்பக்கம் உள்ளே, பின்பக்கமும் மேல்பக்கமும் வெளியே. முன்பக்க விசிறியைத் தலைகீழாக மாட்டி, எல்லாமே வெளியே ஊதும் கணினிகளை எத்தனையோ பார்த்துவிட்டேன். அறையின் வெப்பத்தையும் குறித்துக்கொள்ளுங்கள்: அறை 5 டிகிரி ஏறினால் பிராசசரும் ஏறத்தாழ அவ்வளவு ஏறும். இதற்கு எந்தக் கூலரிடமும் மருந்து இல்லை.

கேள்வி: மூன்று வருட லேப்டாப். முன்பு இல்லாத சத்தம், சூடு, மந்தம். படுக்கையில் வைத்துத்தான் பயன்படுத்துகிறேன்.

பதில்: முதலில் படுக்கையை விட்டு எழுப்புங்கள். அடிப்பக்கத் துளைகள் வழியாகத்தான் பெரும்பாலான லேப்டாப் காற்றை இழுக்கிறது; மெத்தை அதன் மூக்கைப் பொத்துகிறது.

ஆனால் மூன்று வருடச் சேதம் உள்ளே இருக்கிறது. பின்மூடியைக் கழற்றினால் விசிறி பார்க்கச் சுத்தமாகவே தெரியும். அங்கேதான் பலர் மூடிவிடுகிறார்கள். விசிறிக்கும் தாமிரத் தகடுகளுக்கும் நடுவில் உள்ள இடுக்கைப் பாருங்கள். அங்கே தூசியும் நூலும் முடியும் சேர்ந்து, கம்பளித் துண்டு போல ஒரு சாம்பல் நிறப் பட்டை படிந்திருக்கும். சிறு இடுக்கியால் ஒரு முனையைப் பிடித்து இழுத்தால் முழுசாக உரிந்து வரும். வெளியிலிருந்து காற்றடித்தால் இது போகாது; உருண்டு விசிறிக்குள் விழும். கழற்றும் முன் கணினியை அணைத்து, மின்கல இணைப்பை எடுத்துவிடுங்கள். காற்றடிக்கும்போது விசிறியை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். தறிகெட்டுச் சுழன்றால் பேரிங் கெடும்.

அதுவரை சமாளிக்க ஒரு வழி: விண்டோஸின் மின்சக்தி அமைப்பில் பிராசசரின் உச்ச அளவை 100லிருந்து 99 ஆக்குங்கள். பெரும்பாலான லேப்டாப்களில் டர்போ வேகம் (வழக்கத்தைவிடக் கூட்டி ஓடுவது) நின்றுவிடும். கொஞ்சம் மெதுவாகும், சூடு நன்றாக இறங்கும்.

கேள்வி: ரைசன் 7000 வரிசை. கடும் வேலையில் 95ஐத் தொட்டு அங்கேயே நிற்கிறது. எரிந்துவிடுமா?

பதில்: எரியாது. அந்த வரிசையில் பெரும்பாலானவற்றுக்கு ஏஎம்டி வைத்த எல்லையே 95தான்; அதுவரை வேகத்தைக் கூட்டிக்கொண்டே போகும், பிறகு தானே அடக்கிக்கொள்ளும். இன்டெல் மேசைக்கணினிப் பிராசசர்கள் பலவற்றில் அந்த எல்லை 100. அதையும் தாண்டினால்தான் கணினி தன்னை அணைத்துக்கொள்ளும். மனம் கேட்கவில்லை என்றால் பயாஸில் ஈகோ மோடு (பிராசசர் இழுக்கும் மின்சாரத்தைக் குறைக்கும் அமைப்பு) இருக்கிறது. வேகத்தில் சிறு இழப்பு, சூட்டில் பெரிய குறைவு.

கேள்வி: தண்ணீர்க் கூலர், நான்கு வருடம் ஓடியது. நேற்று முதல் கணினியைப் போட்டதுமே 85. ரேடியேட்டர் (நீரை ஆற்றும் பகுதி) விசிறிகள் ஓடுகின்றன.

பதில்: நீரைச் சுழற்றும் பம்ப்தான் சந்தேகம். இரண்டு குழாய்களையும் தொட்டுப் பாருங்கள். ஒன்று சுட, மற்றொன்று குளிர்ந்து கிடந்தால் நீர் ஓடவில்லை. பயாஸில் பம்ப் வேகம் பூஜ்யம் என்று காட்டினால் முதலில் இணைப்புக் கம்பியைப் பாருங்கள், நழுவியிருக்கலாம். அது சரியாக இருந்தால் கூலரை மாற்றுவதுதான். புதியதைப் பூட்டும்போது ரேடியேட்டரின் மேல்முனை பம்பைவிட உயரத்தில் இருக்கட்டும். காலப்போக்கில் சேரும் காற்றுக்குமிழி பம்பில் போய் நிற்காது.

கேள்வி: ஏஎம்4 போர்டு (ஏஎம்டி பிராசசருக்கானது). கூலரைத் தூக்கினேன், பிராசசரும் ஒட்டிக்கொண்டு கூடவே வந்துவிட்டது!

பதில்: பயப்படாதீர்கள், பலருக்கு நடந்திருக்கிறது. பிராசசரைப் பக்கவாட்டில் மெல்லத் திருகிப் பிரித்து, அடியில் உள்ள ஊசிகள் வளைந்திருக்கின்றனவா என்று சாய்வாகப் பாருங்கள். அடுத்த முறை கணினியைப் பத்து நிமிடம் ஓட்டி பேஸ்டை இளக்கி, அணைத்துவிட்டு, கூலரை இடமும் வலமும் திருகிய பிறகு தூக்குங்கள்.

கேள்வி: முதல் கேள்வி கேட்டவன்தான். பின்பக்கம் பார்த்தேன். கீழ்வலது மூலையில் கருப்பு முனை இல்லை. பூட்டிவிட்டு, பேஸ்டும் மாற்றினேன். இப்போது பயாஸில் கால் மணி நேரமாக 41.

பதில்: இனி விண்டோஸ் போடுங்கள். ஏதாவது ஒரு கடும் வேலையைப் பத்து நிமிடம் ஓட்டி, அப்போது காட்டும் எண்ணையும் அறை வெப்பத்தையும் கேபினட்டுக்குள் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி ஒட்டிவிடுங்கள். அடுத்த வருடம் சந்தேகம் வந்தால் அந்தக் காகிதத்தோடு வாருங்கள்.