கடைசி இலக்கம் 2, ஆனாலும் ஒற்றைப்படை

வாசகர் ஒருவர் கேட்கிறார்: "மகள் கணிதப் போட்டிக்குத் தயாராகிறாள். ஏழடிமானத்தில் எழுதிய 5622 ஒற்றைப்படையா, இரட்டைப்படையா என்று ஒரு கேள்வி. 2-இல் முடிகிறதே என்று இரட்டைப்படை என எழுதினாள். விடைப் பகுதியில் ஒற்றைப்படை என்று இருக்கிறது. அச்சுப்பிழையா?"

அச்சுப்பிழை இல்லைங்க, விடை சரிதான். ஏழடிமானம் என்றால் பத்துப் பத்தாக இல்லாமல் ஏழு ஏழாக எண்ணி எழுதுவது; அதில் இடமதிப்புகள் வலமிருந்து 1, 7, 49, 343 என்று போகும். அப்படியானால் 5×343 + 6×49 + 2×7 + 2, கூட்டினால் நம்ம வழக்கமான பத்தடிமானத்தில் 2025. ஒற்றைப்படை.

கடைசி இலக்கத்தை மட்டும் பார்த்துச் சொல்லும் பழக்கம் நமக்கு எப்படி வந்தது? 10, 100, 1000 எல்லாம் இரட்டைப்படை, அவற்றை எதனால் பெருக்கினாலும் இரட்டைப்படைதான் வரும், ஆகவே ஒன்றின் இடத்தில் இருப்பதே முடிவு செய்கிறது. ஏழடிமானத்திலோ எல்லா இடமதிப்பும் ஒற்றைப்படை, அதனால் எந்த இடத்தில் இருக்கும் இலக்கத்துக்கும் ஓட்டு உண்டு. இங்கே செய்ய வேண்டியது, ஒற்றைப்படை இலக்கங்கள் எத்தனை என்று எண்ணுவது மட்டும்தான். 5622-இல் 5 மட்டும், ஆக ஒன்று, ஆக எண்ணும் ஒற்றைப்படை. 3, 5, 9 என எந்த ஒற்றைப்படை அடிமானத்துக்கும் இது செல்லும். பன்னிரண்டு அடிமானம் என்றால் பழையபடி கடைசி இலக்கமே போதும்.

பத்தில் 9-ஆல் வகுபடுமா என்று அறிய இலக்கங்களைக் கூட்டிப் பார்ப்போம் அல்லவா, அந்த வேலையை ஏழடிமானத்தில் 6-க்குச் செய்யலாம். 5+6+2+2 = 15, அதை 6-ஆல் வகுத்தால் மீதி 3, 2025-க்கும் அதே மீதி. (கூட்டலை வழக்கம்போலப் பத்திலேயே செய்யுங்கள், பாதியில் அடிமானம் மாற்றினால் குழம்பும்.) 11-க்கான கூட்டல் கழித்தல் விதி இங்கே 8-க்கு: வலமிருந்து 2−2+6−5 = 1, மீதி 1.

எனக்கு ரொம்பப் பிடித்தது வர்க்க எண் சோதனை. ஏழடிமானத்தில் வர்க்க எண்கள் 0, 1, 2, 4 இவற்றில்தான் முடியும். 3, 5, 6-இல் முடிந்தால் யோசிக்காமல் தள்ளிவிடலாம். பத்தில் 2-இல் முடியும் வர்க்க எண்ணே கிடையாது, ஆனால் இந்த 5622 சாட்சாத் 45-இன் வர்க்கம்!

அப்புறம் ஒரு சின்ன விஷயம். இதை "ஐயாயிரத்து அறுநூற்று..." என்று வாசிக்கப் பழக்காதீர்கள், ஆயிரமும் நூறும் பத்தின் பிள்ளைகள். "ஐந்து ஆறு இரண்டு இரண்டு, அடிமானம் ஏழு" என்று இலக்கம் இலக்கமாகச் சொல்லட்டும், பாதித் தவறு அங்கேயே நின்றுவிடும்.

45 ஏழடிமானத்தில் 63. பத்துக்கு மாற்றாமல் 63×63 பெருக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். முதல் வரி 252, அடுத்த வரி 534 என்று வரும், ஓரிடம் தள்ளி எழுதிக் கூட்டினால் 5622 வந்து நிற்கும்.