வாழ்வாதார உதவி: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

குச்சவெளி: யூஎஸ்எய்ட் மூடப்பட்டதால் எங்கள் மாதர் சங்கத்துக்கு வரவிருந்த உதவியும் போய்விட்டதா?

அமெரிக்க அரசின் அந்த உதவி நிறுவனம் 2025 ஜூலை 1ஆம் திகதி உதவிப் பணியை நிறுத்திக்கொண்டது. உங்கள் ஒப்பந்தத்தில் கொடையாளர் யார் என்று பாருங்கள். வேறு நாட்டின் பெயர் இருந்தால் பதறத் தேவையில்லை.

மூதூர்: கருவாட்டுத் தொழிலுக்கு நுண்கடன் எடுக்கலாமா?

அக்கா, முதலில் மாதத்தைப் பாருங்கள். மாரி தொடங்கினால் தை வரை கிழக்குக் கடல் கொந்தளிப்புத்தான். வெயிலும் இராது, மீனும் காயாது. வாரத் தவணை மட்டும் தவறாமல் வாசலுக்கு வரும். மாரி மாதங்களுக்குத் தவணை விலக்குக் கேளுங்கள். மறுத்தால் எழுந்து வந்துவிடுங்கள். ஒரு கடனை அடைக்க இன்னொன்று எடுக்கவே வேண்டாம். 2018இல் வறட்சி மாவட்டங்களில் பெண்கள் கட்ட முடியாமல் விட்ட, ஒரு இலட்சம் ரூபாய்க்கு உட்பட்ட நுண்கடன்களை அரசே பொறுப்பேற்க வேண்டியிருந்தது.

தம்பலகாமம்: உதவிக்கான விண்ணப்பப் படிவம் எங்கே கிடைக்கும்?

பிரதேச செயலகத்தில் விசாரியுங்கள். படிவத்துக்குக் காசு கேட்பவரிடம் வாங்காதீர்கள்.

கிண்ணியா: தையல் இயந்திரம் தருகிறார்கள். பணமாகக் கேட்கலாமா?

கேளுங்கள். சுனாமிக்குப் பின் களுத்துறை, காலி, மாத்தறை மாவட்டங்களில் சிறு தொழில் நடத்துவோருக்குக் குலுக்கல் முறையில் 10,000 அல்லது 20,000 ரூபாய் கொடுத்து ஆராய்ந்தார்கள். சிலருக்குப் பணம், சிலருக்குப் பொருள். இரண்டுக்கும் பெரிய வேறுபாடு தெரியவில்லை. எல்லோரையும் சேர்த்துச் சராசரி பார்த்தால், முதலுக்கு மாதம் ஏறத்தாழ ஐந்து சதவீதம் இலாபம் வந்தது. ஆனால் அது வந்தது ஆண்களின் தொழிலில்தான். பெண்களின் தொழிலில் சராசரியாக இலாபம் கூடவே இல்லை. ஒரே தெருவில் எல்லோருக்கும் தையல் இயந்திரம் கொடுத்தால் தைக்கத் துணி எங்கிருந்து வரும்?

உப்புவெளி: ஐயா, பணத்தைக் கணவன் பிடுங்கிக்கொள்வான். இயந்திரம் வீட்டில் நிற்குமே!

நியாயம், தங்கச்சி. கானாவில் நடந்த ஆய்வும் உங்கள் பக்கமே: பணமாகக் கொடுத்தது பெண்களின் தொழிலை வளர்க்கவில்லை; பொருள் கொடுத்தபோது, ஏற்கெனவே ஓரளவு பெரிதாக நடத்திய பெண்களுக்கு இலாபம் கூடியது. ஆனாலும் எந்தப் பொருள் என்று கொடுப்பவரா தீர்மானிப்பது? துணி மூட்டையோ ஊசி நூலோ, அவளே பட்டியல் எழுதட்டும்.

உப்புவெளி: பட்டியலையும் கணவனே எழுதினால்?

அப்படியானால் சங்கத்தின் பெயரில் வாங்கச் சொல்லுங்கள். இதற்குமேல் என்னிடம் மருந்தில்லை.

வெருகல்: தயிர் விற்பனைக்கு வரி உண்டா?

என் துறையல்ல. உள்நாட்டு இறைவரித் திணைக்களத்தைக் கேளுங்கள்.

சம்பூர்: படிவம் எங்கே கிடைக்கும்?

தம்பலகாமத்துக்குச் சொன்னதேதான்.

நிலாவெளி: ஐயா, படிவம்...

தம்பி, மேலே வாசியுங்கள். காசு மட்டும் கொடுத்துவிடாதீர்கள்.