ஜஸ்டிஸ் லீக் படத்தில் ஸ்டுடியோ செய்தது சரியா, ஸாக் ஸ்னைடர் பக்கம்தான் நியாயமா?

"பணம் போட்டவருக்குப் படத்தை மாற்ற உரிமை இல்லையா?" என்றும் சேர்த்துக் கேட்டிருக்கிறீர்கள். உரிமை இருக்கிறது. சூப்பர்மேன், பேட்மேன் மாதிரி டிசி காமிக்ஸ் சூப்பர்ஹீரோக்கள் ஒன்றுசேரும் அந்தப் படத்தை ஸ்னைடர் இயக்கினார், காசு போட்டது வார்னர் பிரதர்ஸ் ஸ்டுடியோ. தியேட்டருக்கு எந்த வடிவம் போக வேண்டும் என்று அவர்கள் முடிவெடுத்ததில் எனக்குப் பெரிய சண்டை இல்லை. எனக்கு மனது ஆறாத விஷயம் வேறு. அதில் சைபார்க் என்ற பாதி மனிதன், பாதி இயந்திர சூப்பர்ஹீரோவாக நடித்த ரே ஃபிஷருக்கு நடந்தது.

படம் உருவான கதை உங்களுக்கும் தெரிந்திருக்கும். ஸ்னைடர் இயக்கி 2016 மார்ச்சில் வந்த 'பேட்மேன் வெர்சஸ் சூப்பர்மேன்' படத்தை விமர்சகர்கள் கிழித்துத் தொங்கவிட்டார்கள். ஸ்டுடியோ பயந்துபோனது. அடுத்த படம் இவ்வளவு இருட்டாக இருக்கக் கூடாது, சிரிப்பு வேண்டும், 2 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது என்றார்கள். அந்த நெருக்கடிக்கு நடுவில், 2017 மார்ச்சில், ஸ்னைடரின் மகள் இறந்துபோனார். மே மாதம் அவர் படத்திலிருந்து விலகினார். 'அவெஞ்சர்ஸ்' எடுத்த ஜாஸ் வீடன் வந்தார், புதுக் காட்சிகள் எழுதி ரீஷூட் நடத்தினார். இசையமைப்பாளரையும் மாற்றினார்கள். சூப்பர்மேனாக நடித்த ஹென்றி கேவில் அப்போது பாரமவுண்ட் ஸ்டுடியோவின் 'மிஷன் இம்பாஸிபிள்' படத்துக்காக மீசை வளர்த்திருந்தார், அதை எடுக்க பாரமவுண்ட் சம்மதிக்கவில்லை. மீசையைக் கம்ப்யூட்டரில் அழித்தார்கள். சூப்பர்மேனின் மேலுதடு விநோதமாக இருப்பது சின்னப் பிள்ளைக்கும் தெரிந்தது. நவம்பரில் 120 நிமிடப் படமாக வெளியிட்டார்கள். 'இயக்கம்' என்ற இடத்தில் ஸ்னைடர் பெயர் மட்டும். அவரோ அந்தப் படத்தைப் பார்க்கவே இல்லை. மனைவி டெபராவும் இயக்குநர் கிறிஸ்டோபர் நோலனும் பார்த்துவிட்டு வந்து, நீ பார்க்காதே என்று சொல்லிவிட்டார்கள்.

இது வரைக்கும் எல்லோரும் பேசுவதுதான். இனி சைபார்க்.

ரே ஃபிஷர் நாடக மேடையிலிருந்து வந்தவர். நியூயார்க்கில் முகமது அலியாக மேடையேறியவர். சினிமாவுக்கு அவர் புதுசு. 2020-ல் சைபார்க்குக்கென்றே தனிப் படம் வரும் என்று 2014-லேயே ஸ்டுடியோ அறிவித்திருந்தது. ஸ்னைடரும் தன் படத்தின் இதயமே சைபார்க்தான் என்று சொல்லிவந்தார். 2021-ல் வந்த அவருடைய 4 மணி நேரப் பதிப்பைப் பார்த்தால் அது வெறும் பேச்சு இல்லை என்று புரியும். கால்பந்து ஆடும் கல்லூரிப் பையன் விக்டர். கார் விபத்தில் அம்மா போய்விடுகிறார். சாகக் கிடக்கும் மகனை அப்பா பாதி இயந்திரமாக்கிக் காப்பாற்றுகிறார், மகனால் அவரை மன்னிக்க முடியவில்லை. தன் சக்தி எவ்வளவு என்று அவன் அறிந்துகொள்ளும் இடத்தில் வாடகை கட்ட முடியாமல் தவிக்கும் ஓர் அம்மாவின் வங்கிக் கணக்கில் பணம் போடுகிறான். ஏடிஎம் திரையைப் பார்த்து அந்த அம்மாவின் முகம் மாறும். எத்தனையோ சூப்பர்ஹீரோ படங்கள் பார்த்திருக்கிறேன், இவ்வளவு அமைதியாக ஒரு சக்தியைக் காட்டியது எனக்கு நினைவில்லை.

2017 படத்தில் இதில் பெரும்பாலானவை இல்லை. அம்மா இல்லை, கால்பந்து இல்லை, அந்த ஏடிஎம் இல்லை. மூலையில் நின்று கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் ஆளாக ஃபிஷர் சுருங்கிவிட்டார்.

நான் சில வருஷம் எடிட்டிங்கில் உதவியாளராக இருந்தவன். ஒரு படத்தில் நீளம் கருதி ஒரு துணை நடிகரின் காட்சிகளை முழுதாக எடுத்துவிட்டோம். படத்துக்கு அது தேவையான வெட்டுதான், இன்றைக்கும் அப்படித்தான் நினைக்கிறேன். ஆனால் அவரிடம் யாரும் சொல்லவில்லை. மனைவி பிள்ளைகளை அழைத்துக்கொண்டு முதல் நாள் தியேட்டருக்குப் போயிருக்கிறார். மறுநாள் அலுவலகத்துக்கு வந்து, "ஒரு போன் பண்ணியிருக்கலாமே தம்பி" என்று மட்டும் கேட்டார். நானும் அந்த போனைச் செய்யாதவர்களில் ஒருவன். அதனால் ஃபிஷர் விஷயம் எனக்கு வெறும் ஹாலிவுட் செய்தியாக இல்லை.

2020 ஜூலையில் ஃபிஷர் வெளிப்படையாகப் பேசினார். படப்பிடிப்பில் வீடன் நடிகர்களையும் பணியாளர்களையும் கேவலமாக நடத்தினார், தயாரிப்பில் இருந்த ஜெஃப் ஜான்ஸும் ஜான் பெர்கும் அதற்கு இடம் கொடுத்தார்கள் என்றார். அவர்கள் மறுத்தார்கள். அடுத்த ஆண்டு, வொண்டர் வுமனாக நடித்த கேல் கடோட், தன் திரை வாழ்க்கையையே கெடுத்துவிடுவேன் என்று வீடன் மிரட்டியதாகச் சொன்னார். வீடன் 2022-ல் ஒரு பத்திரிகையிடம் எல்லாவற்றையும் மறுத்தார். சைபார்க் காட்சிகளைக் குறைத்ததற்குக் கதை பொருந்தவில்லை, நடிப்பு சரியில்லை என்று காரணம் சொன்னார். சரி, அது அவர் கருத்து என்றே வைத்துக்கொள்வோம். ஒரு காட்சி வேண்டாம் என்று முடிவெடுப்பது படைப்பு சார்ந்த விஷயம். அந்த நடிகரை எப்படி நடத்தினார்கள் என்பது அதோடு சேராது. இந்த விவாதத்தில் பலரும் இரண்டையும் ஒரே மூட்டையில் கட்டிவிடுகிறார்கள்.

ஃபிஷரின் புகார் பற்றி வார்னர் நிறுவனம் விசாரணை நடத்தியது. 2020 டிசம்பரில், விசாரணை முடிந்தது, நடவடிக்கை எடுக்கப்பட்டது என்று அறிவித்தார்கள். யார் மீது, என்ன நடவடிக்கை? அறிக்கையில் அது இல்லை. புகார் சொன்னவருக்கு இப்படியொரு பதில் போதுமா? எனக்குப் போதவில்லை.

ஸ்னைடரின் பதிப்பை வெளியிடச் சொல்லி ரசிகர்கள் வருஷக்கணக்கில் குரல் கொடுத்தார்கள். அவருடைய மகளின் நினைவாகத் தற்கொலைத் தடுப்பு அமைப்புக்கு லட்சக்கணக்கான டாலர் திரட்டினார்கள், அதை நான் மனதார மதிக்கிறேன். ஸ்டுடியோவும் மேலும் கோடிக்கணக்கில் செலவழித்து 2021 மார்ச் 18 அன்று ஸ்னைடர் பதிப்பை வெளியிட்டது. மகளுக்குச் சமர்ப்பணம் என்று முடியும் அந்தப் படத்தை நான் கண் கலங்காமல் பார்க்கவில்லை.

அதனால் உங்கள் கேள்விக்கு என் பதில்: வெட்டும் உரிமை ஸ்டுடியோவுடையது, வெட்டியது மோசமான வெட்டு, ஸ்னைடருக்கு அது ஓரளவுக்குத் திரும்பக் கிடைத்துவிட்டது. ஃபிஷருக்குக் கிடைக்கவில்லை. டிசி படங்களின் தலைவராக இருந்த வால்டர் ஹமாடாவோடு இனி வேலை செய்ய மாட்டேன் என்று அவர் சொன்ன சில நாட்களில், இன்னொரு டிசி படமான 'தி ஃப்ளாஷ்' கதையிலிருந்து சைபார்க் பாத்திரத்தையே எடுத்துவிட்டார்கள். 2020-க்கு என்று அறிவித்த அந்தத் தனிப் படமும் வரவே இல்லை.