தரகர் யாருக்குப் பொறுப்பு?

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். நான் பெரம்பூரில் வசிக்கிறேன். கூரியர் நிறுவனம் ஒன்றில் வேலை பார்த்துக்கொண்டே, விடுமுறை நாட்களில் என் மாமாவுடன் வீடு, மனை காட்டப் போகிறேன். அவர் நெடுநாளாகத் தரகு செய்கிறவர். எந்தப் பதிவும் இல்லாதவர். நான் இனி முழுநேரமாக இதில் இறங்கலாம் என்றிருக்கிறேன். ரெரா பதிவு இல்லாமல் வாடகை வீட்டைக்கூடக் காட்டக் கூடாது என்கிறார் நண்பர் ஒருவர். அதெல்லாம் பெரிய கம்பெனிகளுக்குத்தான் என்கிறார் மாமா. யூடியூபில் அமெரிக்க உரிமத் தேர்வுக்கான பாடங்களைப் பார்த்துக் குறிப்பெடுத்திருக்கிறேன். அவை இங்கே உதவுமா? என்னென்ன சட்டம் தெரிந்திருக்க வேண்டும்? விற்பவர், வாங்குபவர் இருவரிடமும் கமிஷன் வாங்கலாமா?

அன்புடன்,
ஒரு வாசகர், பெரம்பூர்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் நண்பர் சொல்வதும் முழுக்கச் சரியில்லை, மாமா சொல்வதும் முழுக்கச் சரியில்லை. ரெரா என்று நாம் சுருக்கிச் சொல்லும், கட்டட, மனை விற்பனையை ஒழுங்குபடுத்தும் 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் 9ஆம் பிரிவு, பதிவு செய்யப்பட்ட கட்டட, மனைத் திட்டங்களில் விற்றுக்கொடுக்கும் முகவருக்கே பதிவைக் கட்டாயமாக்குகிறது. நிலப்பரப்பு 500 சதுர மீட்டரைத் தாண்டாத, அல்லது வீடுகளின் எண்ணிக்கை எட்டைத் தாண்டாத திட்டங்களுக்கு விலக்கு உண்டு. 500 சதுர மீட்டர் என்பது நம் சென்னைக் கணக்கில் ஏறத்தாழ இரண்டேகால் கிரவுண்டு. ஆகவே, பழைய வீட்டை மறுவிற்பனை செய்து தருவதற்கும் வாடகைக்குப் பிடித்துத் தருவதற்கும் இந்தச் சட்டம் பதிவு கேட்கவில்லை. ஆனால் சிறிய தரகருக்கு விலக்கு என்று சட்டத்தில் எங்கும் இல்லை. தரகர், இடைத்தரகர், எந்தப் பெயரில் அழைத்தாலும் முகவர் முகவரே என்று அது வெளிப்படையாகச் சொல்கிறது. பதிவில்லாமல் புதிய அடுக்ககத்தில் ஒரே ஒரு வீட்டை விற்றுக்கொடுத்தாலும், தவறு தொடரும் ஒவ்வொரு நாளுக்கும் 10,000 ரூபாய் வீதம், சொத்தின் விலையில் 5 சதவீதம் வரை அபராதம் விதிக்க இடமிருக்கிறது.

இன்றைய சென்னையில் முழுநேரத் தரகு செய்கிறவரிடம் யாராவது ஒருவர் புது ஃபிளாட் கேட்டு வராமல் இருக்கப்போவதில்லை. எனவே தொழிலில் இறங்குமுன் தமிழ்நாடு கட்டட மனை விற்பனை ஒழுங்குமுறைக் குழுமத்தில் பதிவு செய்துகொள்ளுங்கள் என்பதே என் யோசனை. பதிவு எண் கிடைத்த பிறகு கடமைகளும் சேர்ந்தே வருகின்றன. பதிவாகாத திட்டத்தில் ஒரு மனையைக்கூட விற்க உதவக் கூடாது. கணக்குப் புத்தகங்களை ஒழுங்காக வைத்திருக்க வேண்டும். இல்லாத வசதியை இருப்பதாகச் சொல்லக் கூடாது. முன்பதிவின்போது வாங்குபவருக்கு உரிய எல்லாத் தகவலும் ஆவணமும் அவர் கைக்குப் போய்ச் சேரும்படி செய்ய வேண்டும். நீங்கள் முடித்துத் தரும் ஒவ்வொரு விற்பனையிலும் உங்கள் எண் குறிப்பிடப்பட வேண்டும். 'மெட்ரோ இந்தப் பக்கம்தான் வருகிறது' என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போகும் பழக்கம் நம் தரகர்களிடம் உண்டு. வாங்குபவர் அந்த ஒரு சொல்லை நம்பித்தான் வீட்டுக்கடன் வாங்குகிறார். அப்படிச் சொன்ன முகவரின் பதிவையே ரத்து செய்ய இன்று சட்டம் வழி வைத்திருக்கிறது.

அமெரிக்கப் பாடங்களைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அங்கே உரிமம் மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும். படிப்பும் தேர்வும் உண்டு. தேறியவர் தொடக்கத்தில் ஒரு புரோக்கரின் பொறுப்பின் கீழேதான் வேலை செய்ய வேண்டும். நம் மத்தியச் சட்டம் தேர்வு எதையும் வைக்கவில்லை; மகாராஷ்டிரத்தின் ஆணையம் 2023இல் முகவர்களுக்குப் பயிற்சியையும் தேர்வையும் கட்டாயமாக்கியது. எனவே அந்த ஊர் உரிம விதிகளை நீங்கள் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. ஆனால் முகவரின் கடமைகள் பற்றிய பாடத்தை மட்டும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அங்கும் இங்கும் அது ஆங்கிலேயச் சட்ட மரபிலிருந்து வந்ததே. நம்மிடம் அது 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் பத்தாம் அத்தியாயமாக இருக்கிறது. கமிஷன் பற்றிய உங்கள் கேள்விக்கும் விடை அங்கேதான் இருக்கிறது.

ஒருவர் தம் சொத்தை விற்றுத் தரும்படி உங்களிடம் ஒப்படைத்தால், அவர் சொன்னபடி நடப்பதும், திறமையோடும் கவனத்தோடும் செயல்படுவதும், கணக்குக் காட்டுவதும் உங்கள் கடமை. விற்பவரிடம் 62 லட்சம் என்று முடித்து, வாங்குபவரிடம் 66 லட்சம் என்று சொல்லி, நடுவில் நிற்கும் நான்கு லட்சத்தைத் தனதாக்கிக்கொள்வதைச் சிலர் சாமர்த்தியம் என்று நினைக்கிறார்கள். ஒப்பந்தச் சட்டத்தின் 216ஆம் பிரிவின்படி, தமக்குத் தெரியாமல் முகவர் தன் கணக்கில் அடைந்த ஆதாயத்தைச் சொத்துக்காரர் கேட்டு வாங்கலாம். இருவரிடமும் கமிஷன் வாங்குவது சென்னையில் வழக்கம்தான். இருவருக்கும் தெரிந்து, இருவரும் ஒப்புக்கொண்டு வாங்கினால் அதில் தவறு காண மாட்டேன். ஒருவருக்குத் தெரியாமல் மற்றவரிடம் வாங்குவதே நம்பிக்கைத் துரோகம். வீட்டைக் காட்டுவதற்கு முன்பே யாரிடம் எவ்வளவு என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுங்கள். அப்படிக் கேட்பது முதலில் உங்களுக்குக் கூச்சமாக இருக்கும். ஆனால் பத்திரம் பதிவான அன்று மாலை சார்பதிவாளர் அலுவலக வாசலில் நடக்கும் சச்சரவுகளில் பெரும்பகுதி அந்தத் தாள் இல்லாததால் வருபவை.

இனி ஆவணங்களுக்கு வருகிறேன். நீங்கள் அதிகம் படிக்க வேண்டியது இதைத்தான். 1882ஆம் ஆண்டு சொத்துரிமை மாற்றுச் சட்டப்படி, விற்பனை ஒப்பந்தம் மட்டும் வாங்குபவருக்குச் சொத்தில் எந்த உரிமையையும் உண்டாக்காது. பதிவு செய்யப்பட்ட கிரயப் பத்திரமே உரிமையை மாற்றுகிறது. பொது அதிகாரப் பத்திரத்தைக் கொண்டு சொத்தைக் கைமாற்றிக்கொள்வது விற்பனை ஆகாது என்று உச்ச நீதிமன்றம் 2011இல் உறுதியாகச் சொல்லியிருக்கிறது. பட்டா வருவாய்த் துறையின் பதிவு; அது இல்லாமல் நடக்காது, ஆனால் அது மட்டுமே உரிமைக்குச் சான்றாகாது. பத்திரம் பதிவாகியிருப்பதும் அரசு தரும் உத்தரவாதம் அன்று.

வில்லங்கச் சான்றிதழில் 'வில்லங்கம் இல்லை' என்று வந்தாலே போதும் என்று தரகர்களும் வாங்குபவர்களும் நிம்மதியடைந்துவிடுகிறார்கள். அது பதிவான நடவடிக்கைகளை மட்டுமே காட்டும். இதில் சென்னைக்கு ஒரு தனி வரலாறு உண்டு. மூலப் பத்திரங்களைக் கடன் கொடுத்தவரிடம் ஒப்படைப்பதன் மூலமே அடமானத்தை உண்டாக்கலாம் என்று சொல்லும் சொத்துரிமை மாற்றுச் சட்டத்தின் 58ஆம் பிரிவின் 'எஃப்' உட்பிரிவு, அந்த வசதியைக் கல்கத்தா, மதராஸ், பம்பாய் ஆகிய நகரங்களுக்குப் பெயர் சொல்லி அளித்தது. எழுத்து எதுவும் பதிவாகாமல், பத்திரம் மட்டும் கைமாறி உண்டான அடமானம் வில்லங்கச் சான்றிதழில் தெரியாது. கொளத்தூரில் ஒரு வீட்டின் ஆவணங்களைப் பார்த்துத் தரும்படி என்னிடம் கேட்டார்கள். முப்பது ஆண்டுச் சான்றிதழ் சுத்தமாக இருந்தது. பட்டா விற்பவர் பெயரில் இருந்தது. வரி ரசீதுகளும் சரி. மூலப் பத்திரத்துக்கு மட்டும் நல்ல வண்ண நகல் இருந்தது. அசல் வங்கி லாக்கரில் இருப்பதாகச் சொன்னார்கள். லாக்கரைத் திறக்கும் நாள் தள்ளிக்கொண்டே போயிற்று. அசல், கடன் கொடுத்த ஒருவரிடம் இருந்தது பின்னர் தெரிந்தது. அசலைக் கண்ணால் பார்க்காத சொத்துக்கு ஆள் கூட்டிக்கொண்டு போகாதீர்கள்.

வாரிசுகளைப் பற்றியும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். தகப்பனார் இறந்து மகன்கள் விற்கும் வீடு என்றால், மகள்கள் எத்தனை பேர், எங்கே இருக்கிறார்கள் என்று முதலிலேயே கேளுங்கள். 'அவங்களுக்குச் சீர் செஞ்சாச்சு' என்ற பதில் அவர்களுடைய பங்கை அழித்துவிடாது. வாரிசுச் சான்றிதழில் உள்ள ஒவ்வொரு பெயருக்கும் எதிரே கையெழுத்தோ, பங்கை விட்டுக்கொடுத்துப் பதிவான விடுதலைப் பத்திரமோ இருக்க வேண்டும். மனை என்றால் சிஎம்டிஏ (சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம்) அல்லது டிடிசிபி (நகர் ஊரமைப்பு இயக்ககம்) அங்கீகார எண்ணைக் கேளுங்கள். அங்கீகாரமற்ற மனைப்பிரிவுகளைச் சட்டப்படி முறைப்படுத்தும் 2017ஆம் ஆண்டு வரன்முறை விதிகள் 2016 அக்டோபர் 20ஐ எல்லை நாளாக வைத்தவை. அதன்பின் போடப்பட்ட மனைப்பிரிவையும் 'வரன்முறை பண்ணிடலாம்' என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். இவற்றையெல்லாம் கேட்டு வாங்கி அடுக்கி வைப்பது உங்கள் வேலை. சொத்துரிமை சரியாக இருக்கிறது என்று கருத்துச் சொல்வது வழக்கறிஞரின் வேலை. 'நான் பார்த்துட்டேன், எல்லாம் கிளியர்' என்று நீங்கள் சொல்லவே கூடாது.

முன்பணம் பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனாலும் சொல்லியாக வேண்டும். சொத்துக்கான முன்பணத்தை 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்க வருமான வரிச் சட்டம் இடம் தருவதில்லை. ரெரா திட்டங்களில், பதிவு செய்த ஒப்பந்தம் போடாமல் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் கட்டுநர் பெறக் கூடாது. தமிழ்நாட்டில் 2012 டிசம்பர் முதல் விற்பனை ஒப்பந்தத்தையும் பதிவு செய்தாக வேண்டும். டோக்கன் பணம் எவ்வளவு சிறியதானாலும் உங்கள் கைக்கோ உங்கள் ஜிபேக்கோ வர வேண்டாம். விற்பவரின் வங்கிக் கணக்குக்கே நேராகப் போகட்டும்.

உங்கள் மாமாவுக்கும் பதிவுக்கு விண்ணப்பம் போட்டுவிடுங்கள். தனிநபராக நீங்கள் பெறும் எண் உங்களுக்கு மட்டுமே உரியது. பதிவான திட்டத்தில் அவர் விற்றுக்கொடுத்துவிட்டு உங்கள் எண்ணைப் போட்டால், பொறுப்பு உங்கள் இருவர் மேலும் வந்து விழும். அவர் வழக்கம்போல வாடகை வீடுகளையும் மறுவிற்பனையையும் மட்டுமே பார்த்துக்கொள்வதாக இருந்தால், இப்போதைக்கு அவர் அப்படியே தொடரலாம்.

அன்புடன்.