டீசலா, எலெக்ட்ரிக்கா, பெட்ரோலா? கார் கேள்வி பதில்

கேள்வி: எங்களிடம் இருப்பது 2012ல் வாங்கிய ஸ்விஃப்ட் டீசல். வீடு ஸ்ரீரங்கத்தில், நான் வேலை பார்க்கும் பள்ளி ஆறு கிலோமீட்டரில். தினமும் காரில்தான் போய் வருகிறேன். இரண்டு மாதத்துக்கு ஒரு முறை சென்னையில் நாத்தனார் வீட்டுக்குப் போவோம். வீட்டில் நாங்கள் இருவர், கல்லூரியில் படிக்கும் மகன், மாமியார். மாமியாருக்கு முழங்கால் வலி, இந்தக் காரில் ஏறி இறங்கவே சிரமப்படுகிறார். கணவருக்கு கிரெட்டா மாதிரி பெரிய டீசல் வண்டி மேல் ஆசை. மகன் எலெக்ட்ரிக்தான் என்கிறான். எங்களால் முடிந்தது 12 லட்சம். எதை வாங்கலாம்?
– ஆசிரியை, திருச்சி

பதில்: முதலில் டீசலை விட்டுவிடுங்கள். உங்கள் கணவர் பழைய ஸ்விஃப்டை மனதில் வைத்துக் கேட்கிறார், அது நியாயம்தான், அந்த 1.3 லிட்டர் டீசல் எஞ்சின் எத்தனையோ வீடுகளில் அலுக்காமல் உழைத்திருக்கிறது. ஆனால் 2020 ஏப்ரலில் வண்டிப் புகைக்கான பி.எஸ்.6 விதி வந்த பிறகு டீசல் வண்டியின் குணம் மாறிவிட்டது. புகையோடு வரும் கரியைப் பிடித்து வைக்க டி.பி.எஃப். என்று ஒரு வடிகட்டி இருக்கிறது. அதில் சேரும் கரியை வண்டி தானே எரித்துக்கொள்ளும், ஆனால் அதற்கு எஞ்சின் நன்றாகச் சூடாகி, ஒரே சீரான வேகத்தில் கால் மணி நேரம், இருபது நிமிஷமாவது ஓட வேண்டும். நீங்கள் காவிரிப் பாலம் தாண்டி, சிக்னலில் நின்று நின்று போவதற்குள் பள்ளியே வந்துவிடும். கரி எரியாது, சேர்ந்துகொண்டே போகும், ஒருநாள் டேஷ்போர்டில் விளக்கு எரியும், அப்புறம் சர்வீஸ் சென்டருக்கு அலைச்சல். வடிகட்டியையே மாற்றும் நிலை வந்தால் செலவு பெரியது.

அது போக, உங்கள் ஓட்டத்துக்கு டீசலில் மிச்சமும் கிடையாது. பள்ளிக்கு மாதம் 300 கிலோமீட்டர், சென்னைப் பயணத்தைப் பிரித்துப் போட்டால் இன்னொரு 330, கடை கண்ணி, கோயில் எல்லாம் சேர்த்து 700 என்று வைத்துக்கொள்வோம். லிட்டருக்கு 14 கிலோமீட்டர் தரும் பெட்ரோல் காருக்கு 50 லிட்டர், நூறு ரூபாய் கணக்கில் 5,000 ரூபாய். டீசலில் அதே ஓட்டம் சுமார் 3,600. மாதம் 1,400 ரூபாய் மிச்சம் பிடிக்க வாங்கும்போதே ஒரு லட்சத்துக்கு மேல் கூடுதலாகக் கொடுக்கிறீர்கள், அதைத் திரும்ப எடுக்க ஆறு வருஷமாவது ஆகும்.

மகன் சொல்வதைத் தள்ள மாட்டேன். உங்கள் தினசரி ஓட்டத்துக்கு எலெக்ட்ரிக் மாதிரி பொருத்தமான வண்டி கிடையாது, இரவு வீட்டிலேயே சாதாரண 15 ஆம்பியர் பிளக்கில் சார்ஜ் போட்டால் போதும். மாதம் ஏறக்குறைய 100 யூனிட் ஆகும், நமக்கு இரண்டு மாதத்துக்கு ஒரு பில் என்பதால் 200 யூனிட் கூடி மேல் கட்டணப் படிக்குப் போய்விடும், அதனால் யூனிட் 10 ரூபாய் என்றே போட்டாலும் மாதம் 1,000 ரூபாய்தான். ஜி.எஸ்.டி.யும் 5 சதவீதம் மட்டும். என் தயக்கம் சென்னைப் பயணத்தில்தான். திருச்சியிலிருந்து 320 கிலோமீட்டர், ஏ.சி. போட்டு, நாலு பேரோடு, நெடுஞ்சாலை வேகத்தில். உங்கள் 12 லட்சத்துக்குள் வரும் எலெக்ட்ரிக் கார்கள் நடுவில் ஒரு முறை சார்ஜ் போடாமல் அந்தத் தூரத்தை நிம்மதியாகப் போகாது. முழங்கால் வலியோடு இருப்பவரை வைத்துக்கொண்டு சார்ஜர் காலியாகக் காத்திருப்பது நான் சிபாரிசு செய்யும் காரியம் இல்லை. வீட்டில் இரண்டு கார் இருந்தால் ஒன்று எலெக்ட்ரிக்காக இருக்கட்டும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். இருப்பதே ஒன்று என்னும்போது இப்போதைக்கு பெட்ரோல்.

இனி பணம். 12 லட்சம் என்றால் வரி, இன்ஷூரன்ஸ் எல்லாம் சேர்த்து சாலைக்கு வரும் ஆன்ரோடு விலையா, வெறும் ஷோரூம் விலையா? ஆன்ரோடு விலை என்றே எடுத்துக்கொள்கிறேன். தமிழ்நாட்டில் 2023 நவம்பரிலிருந்து சாலை வரி, 5 லட்சத்துக்கு மேல் 10 லட்சம் வரையுள்ள காருக்கு 13 சதவீதம், 10 லட்சத்தைத் தாண்டினால் 20 லட்சம் வரை 18 சதவீதம். இதை விற்பனையாளர் தாமாக எடுத்துச் சொல்வது அபூர்வம். 9.9 லட்சம் கார் என்றால் வரி சுமார் 1,28,700. முப்பதாயிரம் தானே கூட, சன்ரூஃப் வருகிறதே என்று 10.2 லட்சத்துக்குப் போனால் வரி 1,83,600. முப்பதாயிரம் வித்தியாசம் எண்பத்தைந்தாயிரமாகிவிடுகிறது. 10 லட்சத்தைத் தாண்டினால் டி.சி.எஸ். என்று, விற்பவரே முன்கூட்டி வசூலிக்கும் வரி 1 சதவீதம் வேறு பிடிப்பார்கள், அது வருமான வரிக் கணக்கில் திரும்பக் கிடைக்கும், ஆனால் அன்றைக்குக் கையிலிருந்து போகும். அதனால் ஷோரூம் விலை 10 லட்சத்துக்குள் என்று கோடு போட்டுக்கொள்ளுங்கள்.

ஜி.எஸ்.டி.யிலும் ஒரு கோடு இருக்கிறது. 2025 செப்டம்பர் 22 முதல் நான்கு மீட்டருக்குள் நீளம், எஞ்சின் அளவு பெட்ரோல் என்றால் 1200 சி.சி. வரை, டீசல் என்றால் 1500 சி.சி. வரை உள்ள கார்களுக்கு 18 சதவீதம், அதற்கு மேல் 40. நான்கு மீட்டருக்குள் இருக்கும் மாருதி பிரெஸ்ஸா 1462 சி.சி. பெட்ரோல் என்பதால் 40 சதவீதத்தில் போகிறது, டாடா நெக்ஸான் பெட்ரோல் 1199 சி.சி. என்பதால் 18ல் நிற்கிறது. புதிய கிரெட்டா டீசல் உங்கள் பட்ஜெட்டுக்குள் வரவே வராது, உங்கள் கணவரிடம் இதைச் சொன்னால் பாதி வாதம் அங்கேயே முடிந்துவிடும்.

மீதிப் பாதி ஸ்ரீரங்கத்துத் தெருக்கள். நான்கு மீட்டருக்குள் என்றால் சின்ன வண்டி என்று எல்லோரும் நினைக்கிறார்கள், வரிக்காக நீளத்தைத்தான் குறைத்திருக்கிறார்கள், அகலத்தைக் குறைக்கவில்லை. நெக்ஸான் 1804 மில்லிமீட்டர், மஹிந்திரா எக்ஸ்.யூ.வி. 3எக்ஸ்.ஓ. 1821, இரண்டுமே கிரெட்டாவின் 1790ஐ விட அகலம். டாடா பஞ்ச் 1742, ஹூண்டாய் எக்ஸ்டர் 1710, மாருதி வேகன்ஆர் 1620. சித்திரை வீதி, உத்தர வீதியில் திருவிழாக் கூட்டத்துக்கு நடுவே திருப்பி, வாசலில் ஒட்டி நிறுத்துபவருக்கு அந்த ஆறேழு சென்டிமீட்டர் தினமும் உதவும்.

மாமியாரின் முழங்காலுக்குத் தேவை பெரிய கார் அல்ல, சரியான உயரத்தில் ஒரு சீட். உட்காரும்போது கீழே இறங்கவும் கூடாது, காலைத் தூக்கி ஏறவும் கூடாது, இடுப்பு உயரத்துக்குப் பக்கத்தில் சீட் இருந்து, அப்படியே உட்கார்ந்து காலை உள்ளே திருப்ப முடிய வேண்டும். ஸ்விஃப்டில் சீட் தாழ்வு, அதனால்தான் அவருக்கு அத்தனை கஷ்டம். அதற்காக மிக உயரமான எஸ்.யூ.வி. வாங்கினால் ஏறுவது சிரமமாகி, வேறு பக்கமாக அதே வலி.

இதையெல்லாம் வைத்துப் பார்த்தால் என் முதல் தேர்வு பஞ்ச், பெட்ரோல், நடு வேரியன்ட். சீட் நல்ல உயரம், கதவு 90 டிகிரி திறக்கிறது, 2021ல் குளோபல் என்கேப் மோதல் சோதனையில் பெரியவர்களுக்கான பாதுகாப்பில் ஐந்து நட்சத்திரம் வாங்கிய வண்டி. குறையும் சொல்கிறேன், டர்போ இல்லாத 1.2 லிட்டர் எஞ்சின் வேகமானது இல்லை. நெடுஞ்சாலையில் லாரியை முந்த வேண்டுமென்றால் கியரைக் குறைத்து, இடம் பார்த்து, பொறுமையாக முந்த வேண்டும், பழைய டீசல் ஸ்விஃப்டின் இழுவைக்குப் பழகியவருக்கு இது முதலில் எரிச்சலாக இருக்கும். பின்னால் இரண்டு பேர் தாராளமாக உட்காரலாம், நீங்கள் நாலு பேர்தான் என்பதால் பிரச்சினை இல்லை. தெரு அகலம் ஒத்துவருமென்றால், நெடுஞ்சாலை ஓட்டம் முக்கியம் என்றால், நெக்ஸான் பெட்ரோலில் 10 லட்சத்துக்குள் வரும் வேரியன்ட் இன்னும் நல்ல வண்டி.

ஷோரூமுக்கு மாமியாரைக் கட்டாயம் கூட்டிப் போங்கள். அவர் நாலு தரம் ஏறி இறங்கிப் பார்க்கட்டும். டெஸ்ட் டிரைவை ஷோரூம் பக்கத்து அகலமான ரோட்டில் முடித்துக்கொள்ளாமல் உங்கள் தெருவுக்கே எடுத்து வரச் சொல்லுங்கள், கேட்டால் பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள்.

கேள்வி: ஆட்டோமேட்டிக் வாங்க ஆசை. ஏ.எம்.டி. விலை குறைவு என்கிறார்கள். மாதம் ஒரு முறையாவது ஊட்டி போவோம், மலையில் சரிப்பட்டு வருமா?
– வாசகர், மேட்டுப்பாளையம்

பதில்: வரும், ஓட்டும் விதம் தெரிந்திருந்தால். ஏ.எம்.டி. என்பது சாதாரண கியர்பாக்ஸும் கிளட்சும்தான், காலுக்கும் கைக்கும் பதிலாக ஒரு மோட்டார் அதை இயக்குகிறது. கொண்டை ஊசி வளைவில் முன்னால் பஸ் நிற்கும்போது, வண்டி பின்னால் போகாமல் இருக்க ஆக்சிலரேட்டரை லேசாக மிதித்துக்கொண்டே நிற்பார்கள் பாருங்கள், அது கிளட்சைத் தேய்த்துத் தீர்த்துவிடும். பிரேக்கிலோ ஹேண்ட்பிரேக்கிலோ நிறுத்துங்கள். ஏற்றத்தில் வண்டியைப் பின்னால் நழுவ விடாத ஹில் ஹோல்டு வசதி உள்ள வேரியன்ட் என்றால் நல்லது. இறங்கும்போது மேனுவல் மோடுக்கு மாற்றி இரண்டாம் கியரில் இறங்குங்கள், பிரேக்கை மட்டும் நம்பி குன்னூரிலிருந்து கல்லார் வரை வந்தால் பிரேக் சூடாகிப் பிடிக்காமல் போகும் ஆபத்து உண்டு. எந்த கியர்பாக்ஸாக இருந்தாலும் இது பொருந்தும்.

கொஞ்சம் கூடப் போட முடியுமென்றால், கிளட்சுக்குப் பதில் எண்ணெய் வழியாக இழுவையைக் கடத்தும் டார்க் கன்வர்ட்டர் ஆட்டோமேட்டிக் எடுங்கள். மலைக்கும் நெரிசலுக்கும் நான் அதைத்தான் அதிகம் நம்புவேன். கியர் படிகளே இல்லாத சி.வி.டி. ஆட்டோமேட்டிக் ஊருக்குள் வழுக்கிக்கொண்டு போகும், ஏற்றத்தில் எஞ்சின் சத்தம் மட்டும் கூடும், வேகம் மெதுவாகத்தான் ஏறும்.

கேள்வி: ஷோரூமிலேயே இன்ஷூரன்ஸ் எடுத்தால்தான் டெலிவரி என்கிறார்கள். வெளியே 15,000 ரூபாய் குறைவாகக் கிடைக்கிறது. என் பழைய காருக்கு ஐந்து வருஷமாக கிளெய்ம் எதுவும் இல்லை. என்ன செய்ய?
– வாசகர், முடிச்சூர்

பதில்: அப்படிக் கட்டாயப்படுத்த அவர்களுக்கு உரிமை இல்லை, எந்த நிறுவனத்தில் பாலிசி எடுப்பது என்பது உங்கள் முடிவு. வெளியே வாங்கிய கொட்டேஷனை மேஜையில் வைத்து, இதே விலைக்குக் கொடுத்தால் உங்களிடமே எடுக்கிறேன் என்று சொல்லிப் பாருங்கள், பல இடங்களில் இறங்கி வருவார்கள். அதற்கு முன்னால் இரண்டும் ஒரே பாலிசியா என்று பாருங்கள், ஐ.டி.வி. தொகை, அதாவது காருக்குப் பாலிசியில் போடும் மதிப்பு, ஒன்றா, பாகங்களின் தேய்மானத்தைக் கழிக்காமல் பணம் தரும் ஜீரோ டிப்ரிசியேஷன் இரண்டிலும் இருக்கிறதா என்று. புதுக் காருக்கு மூன்றாம் தரப்பு இன்ஷூரன்ஸ் மூன்று வருஷத்துக்கு எடுத்தே ஆக வேண்டும், அது எங்கே எடுத்தாலும் ஒன்றுதான்.

உங்கள் கேள்வியில் எனக்கு முக்கியமாகப் படுவது அந்த ஐந்து வருஷம். நோ கிளெய்ம் போனஸ் காருக்கு உரியது இல்லை, உங்களுக்கு உரியது. ஐந்து வருஷம் கிளெய்ம் இல்லையென்றால் 50 சதவீதம், அதைப் புதுக் காருக்கு மாற்றிக்கொள்ளலாம். பழைய காரை விற்ற ஆதாரத்தைக் காட்டி, பழைய இன்ஷூரன்ஸ் நிறுவனத்திடம் சான்றிதழ் வாங்கிக்கொள்ளுங்கள், மூன்று வருஷம் செல்லும். சொந்தச் சேதத்துக்கான பிரீமியத்தில் பாதி குறையும், ஷோரூம்காரர் காட்டும் தள்ளுபடியை விட இது பெரிதாக இருக்கக்கூடும்.

முடிச்சூர் என்பதால் இன்னொன்று. 2015 வெள்ளம் உங்கள் பகுதிக்குப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. எஞ்சின் புரொடெக்ட் என்னும் கூடுதல் காப்பைக் கட்டாயம் சேருங்கள், அது இல்லாத பாலிசியில் தண்ணீர் புகுந்து கெட்ட எஞ்சினுக்குப் பணம் கிடைப்பது கடினம். தண்ணீரில் நின்ற காரை ஸ்டார்ட் பண்ணிப் பார்க்கவே கூடாது, பேட்டரி வயரைக் கழற்றிவிட்டு இழுவை வண்டியைக் கூப்பிடுங்கள்.

காரைக் கையாண்டதற்கு என்று டீலர் போடும் ஹேண்ட்லிங் சார்ஜ் பில்லில் இருந்தால், அதை எடுக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: புதுக் கார் புக் பண்ணிவிட்டோம். பழையதை எக்ஸ்சேஞ்சில் கேட்டால் மிகக் குறைவாகச் சொல்கிறார்கள். தெரிந்தவர் ஒருவர் அதைவிட 60,000 கூட தருகிறார், ஆனால் ஆர்.சி.யை ஆறு மாதம் கழித்து மாற்றிக்கொள்கிறேன் என்கிறார். கொடுக்கலாமா?
– வாசகி, விழுப்புரம்

பதில்: அவருக்கே கொடுங்கள், ஆனால் ஆறு மாதம் என்பதற்கு ஒத்துக்கொள்ளாதீர்கள். ஆர்.சி.யில் உங்கள் பெயர் இருக்கும்வரை சட்டப்படி உரிமையாளர் நீங்கள்தான். கார் பல கை மாறியிருந்தாலும், விபத்து நடந்த அன்று பதிவில் யார் பெயர் இருக்கிறதோ அவரே இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று 2018ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அறுபதாயிரத்துக்காக அந்தச் சுமையை ஏற்க வேண்டாம். தெரிந்தவர் என்பதால் கேட்கக் கூச்சமாக இருக்கும், நேராகவே சொல்லிவிடுங்கள், மாற்றும் செலவை வேண்டுமானால் பாதி நான் தருகிறேன், இந்த வாரமே ஆர்.டி.ஓ. வேலையை முடிப்போம் என்று.

விற்றதை 14 நாளுக்குள் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிக்க வேண்டும். பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, படிவம் 30 இரண்டிலும் கையெழுத்து, பழைய கடன் இருந்திருந்தால் வங்கியின் தடையில்லாச் சான்றும் கடன் முடிந்ததற்கான படிவம் 35ம் சேர்த்து. விண்ணப்பத்தை அரசின் பரிவாஹன் இணையதளத்தில் நீங்களே அவர் பக்கத்தில் உட்கார்ந்து போட்டுவிடுங்கள், ஒப்புகைச் சீட்டை வைத்துக்கொள்ளுங்கள். வண்டியை ஒப்படைக்கும் தேதியோடு நேரத்தையும் எழுதி, இருவரும் கையெழுத்துப் போட்ட ஒரு தாள், அவருடைய ஓட்டுநர் உரிமத்தின் நகல், இவை உங்களிடம் இருக்கட்டும். பணத்தை வங்கி வழியாகவே வாங்குங்கள்.

கண்ணாடியில் ஒட்டியிருக்கும் ஃபாஸ்டேக்கை அன்றைக்கே மூடச் சொல்லி வங்கிக்கு எழுதுங்கள், இல்லையென்றால் அவர் விக்கிரவாண்டி டோலைத் தாண்டும்போதெல்லாம் உங்கள் கணக்கில் பணம் போகும்.